அருவிக்கரையில் வாங்கிய அக்கார்டியன்

அக்கார்டியன் என்றால் தோளில் மாட்டிக்கொண்ட ஆர்மோனியம், அவ்வளவுதான் என்று முப்பத்தைந்து வயது வரை நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருக்கலாம். தென்காசியில் நான் ஆர்மோனியம் வாசித்த கல்யாணக் கச்சேரிக் குழுவை நடத்தியவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன்.

அவர் விட்டாரா? "அப்பம் வர்ற ஞாயித்துக்கெழம வரவேற்புக்கு அக்கார்டியனோட வாரும். இல்லேன்னா ஆலங்குளத்துல ஒருத்தர் வச்சிருக்காரு, அவரக் கூப்பிட்டுக்கிடுதேன்."

"ஆர்மோனியத்துக்கு?"

"அதையும் அவரே பாத்துக்கிடுவாரு."

ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன். நாடகக் கம்பெனியில் வாசித்து ஓய்ந்த ஒருவர் மெயின் அருவிக்குப் பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறார், தோள்வலியால் தன் அக்கார்டியனை விற்கப்போகிறார் என்று தெரிந்ததும் சைக்கிளை மிதித்தேன்.

பழைய அக்கார்டியனில் என்னென்ன பார்க்க வேண்டுமோ, எனக்குத் தெரிந்த வரை எல்லாம் பார்த்தேன். கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒட்டாமல் எழும்புகின்றனவா என்று பார்த்தேன். ஒவ்வொரு சுரத்தையும் துருத்தியை விரித்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை வாசித்தேன். இரண்டுக்கும் தனித்தனி ரீடு, அதாவது காற்றில் அதிர்கிற தகட்டு நாக்கு, ஒன்று பேசி மற்றது ஊமையாக இருக்கலாம் என்று விற்றவரே சொல்லிக்கொடுத்தார். தோள்வாரை இழுத்தேன். மடிப்பு மூலைகளை விரலால் தடவினேன். பெட்டிக்குள் மூக்கை விட்டுப் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று மோந்தேன். அடித்தது, அருவியில் குளித்துவிட்டுத் தோளில் போட்டிருந்த என் ஈரத்துண்டு.

பார்க்காமல் விட்டது, நான் நின்ற இடத்தை. பத்துத் தப்படியில் அருவி கொட்டுகிறது. அங்கே யானை பிளிறினாலும் பாதிதான் கேட்கும். "சத்தம் கம்மியா இருக்கோ?" என்றேன். "தண்ணி இரைச்சல்" என்றார் அவர். நியாயமாகத்தான் பட்டது.

மேலகரத்தில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தால், பாட்டோடு சேர்ந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாம்பு கீம்பு வந்துட்டோ?" என்றாள்.

துருத்தி கிழிசல். விற்றவர் அன்று மத்தியானமே ரயிலேறியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள். ஆலங்குளத்துக்காரர் என் இடத்தில் உட்கார்ந்து வாசிப்பது கண்ணில் தெரிந்தது. என்னைவிட நன்றாக வாசித்தார் என்பது வேறு.

ஓட்டைக்கு வைத்தியம் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் சைக்கிள் கடைக்காரர்.

"அண்ணாச்சி, பஞ்சர்."

"சைக்கிள் நல்லாத்தான வே நிக்கி?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் அக்கார்டியனைப் பார்த்தார். பிறகு, டியூபை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். "இத முக்கினேன்னா உம்ம வீட்டுல என்னய முக்கிருவாங்க" என்று சொல்லி, சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்தார். காற்று கசிகிற இடத்தில் புகை அல்லாடுமாம்.

கட்டையைத் தொடாமல் வலப்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஓட்டைத் துருத்தியாக இருந்தால் மறுபாதி தொப்பென்று கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஊதுபத்திப் புகை மடிப்பு மடிப்பாகப் போய் எங்கேயும் அசையாமல் நேரே ஏறியது.

"காத்து எங்கயும் போவல வே."

"நான் வாசிச்சாப் போகுது அண்ணாச்சி."

"வாசியும்."

வாசித்தேன். உஸ்ஸ். அவர் வாங்கி மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு கட்டையை அழுத்தி இழுத்தார். எருமை கத்துவது போலக் கத்தியது, சீறவில்லை.

"என் கையில ஒழுங்கா இருக்கு. உம்ம கைக்கு வந்தா மட்டும் பெருமூச்சு விடுது. வீட்டுல ஏதும் சண்டையா?"

மறுபடி என்னை வாசிக்கவிட்டு, ஊதுபத்தியை என் இடது கை ஓரமாகக் கொண்டுவந்தார். பெருவிரல் பக்கத்தில் புகை சிதறியது.

"வெரல எடும்."

எடுத்தேன். சத்தம் நின்றது. பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஆர்மோனியத்தில் இடது கைதான் துருத்தியைப் போடும். விரல்கள் அசைய, பெருவிரல் ஓரத்தில் ஊன்றியிருக்கும்; எனக்கு இருபது வருஷப் பழக்கம். அக்கார்டியனிலோ அதே இடத்தில் ஒரு பொத்தான் உண்டு. வாசித்து முடித்தபின் துருத்தியைச் சத்தமில்லாமல் மூட, உள்ளே இருக்கும் காற்றைத் திறந்துவிடுகிற பொத்தான். விரல் நோகாமல் இருக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, நான் அதைச் சுகமாக அழுத்திக்கொண்டே வாசித்திருக்கிறேன்.

துருத்தியில் ஓட்டையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் இரண்டு மணி நேரம் வாசித்தேன்.