மெஷின் கோளாறு என்று எழுதிய கடிதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. நான் செய்த காரியத்துக்கு ஒரு மெஷின்மேல் பழியைப் போட்டு, கம்பெனி முத்திரை குத்திக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலேசியாவில், ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையின் கணினி அறைக்கு நான் பொறுப்பு. கிளை அலுவலகங்களுக்குப் போகும் லைன்கள், அறையின் சூடு என்று எல்லாவற்றையும் ஒரு மெஷின் ஆளில்லாமலே கவனித்துக்கொண்டிருக்கும். ஏதாவது பிசகினால் அதுவே போன் போட்டு எங்கள் பேஜருக்கு ஓர் எண்ணை அனுப்பும். 11 வந்தால் அறை சூடாகிறது. 90 வந்தால் எல்லாமே படுத்துவிட்டது. எந்த எண் யாருக்குப் போக வேண்டும் என்ற பட்டியல் என் கையில் இருந்தது. அத்தனையும் எனக்கே வரும்படி வைத்திருந்தேன். எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்கக்கூடாது என்ற திமிர்தான்.

எனக்குக் கீழே ஒரே ஒரு டெக்னீஷியன். கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். ஒரு நாள் லீவு கேட்டு வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்கு அம்மாவுக்கு நீல ஐ.சி. இன்டர்வியூ. எட்டு வருசம் காத்திருந்து இப்பதான் கூப்பிட்டிருக்காங்க. அம்மாவுக்கு பாசார்ல காய் விக்கிற அளவுக்குத்தான் மலாய் வரும். ஆபீசர் முன்னால நாக்கு ஒட்டிக்கும்லா. நான் கூட இருக்கணும்."

அந்த அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. அறுபது வயதிலும் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐ.சி. அடையாள அட்டைதான், பிறந்த நாட்டிலேயே வெளியாள், ஓட்டுக்கூடக் கிடையாது. நானோ கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி, சிலோன் தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து ரயில்வே உத்தியோகம். பன்னிரண்டு வயதில் என் கைக்கு வந்துவிட்ட, குடிமக்களுக்கான நீல அட்டையைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"முழு நாள் முடியாது, கேபிள் மாத்துற வேலை இருக்கு. அவங்க நம்பர் வர்றப்ப போயிட்டு வாங்க, பக்கந்தானே" என்றேன்.

சரிக்கா என்றுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அம்மாவை ஐ.சி. கொடுக்கும் பதிவு அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டு வேலைக்கு வந்தார். அங்கே இருந்த கேன்டீன்காரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்: முறை நெருங்கும்போது அந்தம்மா இவர் பேஜருக்கு கேன்டீன் நம்பரை அனுப்புவார், பத்து நிமிடத்தில் இவர் போய்விடுவார். இந்த ஏற்பாட்டை என்னிடமும் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு மீட்டிங். ஏர்கோன் மக்கர் பண்ணியதால் என் பேஜர் ஓயாமல் கத்தியது. "உங்கள் கோழி முட்டை போடுகிறதா?" என்று மேலாளர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எழுந்து போய்ப் பட்டியலைத் திறந்து, 90 மட்டும் எனக்கு, மற்றதெல்லாம் அவருக்கு என்று மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டு நிமிட வேலை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துபோனது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், அதுவும் சாக்குதான்.

அவர் தரைப் பலகைகளைப் பெயர்த்துவிட்டு, உள்ளே படுத்துக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். பேஜர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அலறியது. முதலில் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து பார்த்திருக்கிறார்; எல்லாம் 11. மீட்டிங் அறைக் கதவைக்கூடத் தட்டினார். பிறகு பார்க்கலாம் என்று கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினேன். அலுத்துப்போய் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பேஜரில் இருபது செய்திதான் நிற்கும்; புதிது வந்தால் பழையது அழிந்துவிடும். மதியம் அவர் எடுத்துப் பார்த்தபோது இருபதும் 11. கேன்டீன் நம்பர் வந்த சுவடே இல்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். தனியாகவே உள்ளே போயிருக்கிறார். பெயரைக் கேட்டதற்கே வார்த்தை வரவில்லை. மறுபடியும் விண்ணப்பம் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

விஷயம் என் காதுக்கும் வந்துவிட்டது. அன்று சாயந்தரம் எல்லோரும் கிளம்பிய பிறகு, பட்டியலைப் பழையபடி மாற்றி வைத்தேன்.

மறுநாள் அவர் வந்தார். "அக்கா, நான் ஏன் வர முடியலன்னு கம்பெனி லெட்டர் ஒன்னு கொடுங்க. திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. காரணம் நீங்களே போட்டுக்குங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் மெஷினில் ஏற்பட்ட கோளாறினால் அவரால் உரிய நேரத்தில் வர இயலவில்லை என்று சுத்தமான மலாயில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் கடிதத்தால் ஒன்றும் நடக்கவில்லை. நான் அந்த வேலையை விட்ட நாள்வரை அந்த அம்மாவிடம் சிவப்பு அட்டைதான் இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை தாயும் மகனும் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பை நிறையப் பயத்தங்காய், கடிதம் கொடுத்ததற்கு நன்றியாம். உட்காரச் சொன்னால் அந்த அம்மா நாற்காலியின் ஓரத்தில்தான் உட்கார்ந்தார்.

"மெஷினு இப்ப சரியாயிடுச்சாம்மா?" என்று என்னைக் கேட்டார். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விசாரிப்பதுபோல அத்தனை அக்கறை.

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் பதில் சொன்னார்.

"அன்னிக்கு சாயந்தரமே சரியாயிடுச்சும்மா. அக்காவே சரி பண்ணிட்டாங்க."

அன்று சாயந்தரம் பட்டியலை மாற்றி வைத்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் பட்டியலில் யார் கை வைத்தாலும், பெயரும் மணியும் போட்டு மெஷின் குறித்து வைத்துக்கொள்ளும். தினமும் காலையில் வந்ததும் அதைப் படிப்பது அவருடைய முதல் வேலை. படித்துவிட்டுத்தான் அன்று என்னிடம் கடிதம் கேட்க வந்திருக்கிறார்.

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும்மா" என்றார். மகன் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.