கிணற்றில் மிதந்த குக்கர்

அந்தக் குக்கரில் நான் ஒரு நாளும் சோறு ஆக்கியதில்லை.

என் வீட்டுக்காரர் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். குக்கர் என்ற சாமான் புதிதாக வந்திருந்த காலம். அதை அடுப்பேற்றிக் காட்டி, விசில் வரும் வரை ஆட்களை நிறுத்தி வைத்து விற்பது அவர் வேலை. வயிற்றில் நசுங்கிய ஒன்றை ஒரு தீபாவளிக்கு முதலாளி அவருக்கே கொடுத்துவிட்டார்.

முதல் நாள் விசில் அடித்ததும் அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டேன்.

"கடையில நூறு பேருக்குக் காட்டியிருக்கேன். ஒருத்தரும் ஓடல" என்றார்.

"வீட்டுக்குப் போயி ஓடியிருப்பாங்க" என்றேன்.

அதன்பின் அதில் அப்பளம் போட்டு வைத்தேன். ரப்பர் வளையம் போட்டு மூடினால் ஐப்பசி மழையிலும் நமுக்காது. வெல்லம் வைத்தால் எறும்பு சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடும். கூரை ஒழுகினால் ரேஷன் கார்டு அதற்குள் போகும்.

நாங்கள் குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில், ஒரு வீட்டின் பின்கட்டில். தகரக் கூரை. கொல்லையில் பாதிக் கிணறு. மீதிப் பாதி பக்கத்து வீட்டுக்கு. கிணற்றின் வாய்மேல் நடுவில் சுவர் ஓடும். இரண்டு வீடும் பக்கத்து வீட்டு மாமியுடையது. அவர் கோவில் கைங்கரியக் குடும்பம். மடி ஆசாரம். நேரில் அவரை நாலைந்து தடவை பார்த்திருப்பேன், அதுவும் தூரத்தில். ஆனால் நான் இந்தப் பக்கம் குனிய, அவர் அந்தப் பக்கம் குனிந்தால், சுவருக்கு அடியில் தண்ணீரில் அவர் முகம் தெரியும். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். வாடகை கேட்பது, கொடுப்பதாகச் சொல்வது எல்லாம் அப்படித்தான்.

வீட்டுக்காரருக்கு முப்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. தினம் ஊசி. கம்பவுண்டரிடம் பார்த்து நானே போடக் கற்றுக்கொண்டேன். மருந்துப் புட்டியை ஈர மணலில் புதைத்த சட்டியில் வைத்திருந்தேன். சித்திரையில் தகரம் காய்ந்தது. மணல் காய்ந்தது. ஊசி போட்டுக்கொண்டேதான் இருந்தேன். அவர் மெலிந்துகொண்டே போனார். ஒரு நாள் குடத்தோடு தண்ணீரைக் குடித்துவிட்டுத் தரையில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பிழைத்தார். டாக்டர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மருந்து கெட்டுப்போச்சும்மா. சூடு ஆகாது. ஐஸ்பெட்டி இருக்கா?"

"இல்லீங்க."

"குளுமையா ஒரு இடம் பாருங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்க மாட்டாரு."

பஸ் காவிரிப் பாலத்தில் போனது. கீழே முழுக்க மணல். குளுமையான இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

அப்பளத்தைக் கொட்டினேன். புதுப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மூடி, விசில் குண்டைப் போட்டு, கயிற்றில் கட்டி இறக்கினேன். மிதந்தது. கைப்பிடிப் பக்கம் சாய்ந்தது. மேலே இழுத்து, உள்ளே எதிர்ப்பக்கம் ஒரு கூழாங்கல்லை வைத்து மறுபடி இறக்கினேன். நிமிர்ந்துகொண்டது.

மத்தியானங்களில் போய்ப் பார்ப்பேன். வெள்ளையாக, மெல்லச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதற்கு அடியில் வானம். வானத்தில் ஒரு காக்கை போகும். கண் அசந்தால் நானே குக்கருக்குள் படுத்திருப்பது போல இருக்கும். சத்தம் இல்லாமல், குளுமையாக.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலை, டங்கென்று சத்தம். மாமியின் வாளி.

"யாரது? என்னடிம்மா இது, எங்க பக்கம் வந்து முட்டறது?"

"குக்கர் மாமி."

"குக்கரா? அடுப்புல வெக்கறதைக் கிணத்துல வெச்சா எப்படி வேகும்?"

"உள்ள மருந்து இருக்கு மாமி. அவருக்கு. சூடு ஆகக்கூடாதாம்."

"எதுலேர்ந்து பண்ற மருந்து?"

கம்பவுண்டர் சொல்லியிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தண்ணீரில் சமைத்துத்தான் மாமி பெருமாளுக்குத் தளிகை பண்ணுவார். தண்ணீரில் அவர் முகம் என்னையே பார்த்தது.

"மாட்டு வயித்துலேர்ந்து எடுக்கறதுன்னாங்க மாமி."

வாளி வெறுமனே மேலே போனது. முகமும் போனது. தண்ணீர் அடங்க நேரமானது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"கேட்டாங்க."

"சரி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

எடுக்கச் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். காலி பண்ணச் சொன்னால் போகத்தான் வேண்டும். போகிற இடத்தில் கிணறு இருக்குமோ என்னவோ. இரண்டு நாள் அந்தப் பக்கத்துக் கிணற்று உருளை சத்தம் போடவில்லை. ஓர் ஆள் தோளில் குடம் வைத்து அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனான். நான் பாத்திரங்களைத் தேய்த்து ஒரு பக்கம் அடுக்கினேன்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது. குனிந்தால் குக்கரைக் காணோம். என் கயிறு சுவருக்கு அடியில் அந்தப் பக்கம் போயிருந்தது. இன்னும் குனிந்தேன். நிழலில் கிடந்தது. கைப்பிடியில் இன்னொரு கயிறு, அவர்களுடையது. பிறகு தண்ணீரில் மாமி முகம்.

"உன் பக்கம் வெயில் நேரா விழறது. இங்க கீத்துக் கொட்டகை இருக்கு. இங்கயே கெடக்கட்டும்."

"மாமி, தண்ணி..."

"பெருமாளுக்குக் கொள்ளிடத்துலேர்ந்து தீர்த்தம் வந்துடறது. ஊசி போடறச்சே குரல் குடு, கயித்தை விடறேன்."

அன்றிலிருந்து காலையில் "மாமி" என்பேன். அந்தப் பக்கம் கயிறு தளரும். நான் இழுப்பேன். மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டுத் திரும்ப இறக்கினால் அவர் இழுப்பார்.

"மெல்ல விடுடி, குலுங்கறது!"

"நீங்கதான் மாமி வெடுக்குனு இழுக்கறீங்க."

வீட்டுக்காரர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். "சித்திரைத் தேர்கூட இதுக்குள்ள நெலைக்கு வந்திருக்கும்" என்பார். ஊசிக்கு முன்னால் புட்டியை வாங்கி, மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வார்.

கோடை தாண்டியது. அவரும் தாண்டினார். ஆவணியில் கடைக்குப் போனார்.

ஆடியிலேயே ஆற்றில் தண்ணீர் வந்து கிணறு ஏறிவிட்டது. குக்கர் கைக்கு எட்டும் உயரத்தில் மிதந்தது. முகங்களும் கிட்டத்தில் வந்துவிட்டன. மாமியின் புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். இடதா வலதா, தெரியாது. தண்ணீரில் பார்த்ததுதான்.