இருபத்தைந்து நிமிடம் என்று சொன்னேன்

1988 நவம்பர் 17, வியாழக்கிழமை, காலை எட்டு ஐம்பது. தாம்பரத்தில் தூறல், தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. அந்த நேரத்தில், கிழக்குத் தாம்பரத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் மனைவியை இழந்தேன். என் மகளையும்.

பிறகு அந்தப் பழியை இன்னொருவர் தலையில் போட்டேன். இன்றுவரை அது அங்கேயே இருக்கிறது. உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அப்படி என்ன பொய் என்று கேட்பீர்கள்... அறுபது நிமிடங்களைக் குறைத்துச் சொன்னேன். அவ்வளவுதான்!

எனக்கும் செண்பகத்துக்கும் அப்போது திருமணமாகி ஆறு ஆண்டுகள். முடிச்சூரில் வாடகை வீடு. எனக்கு அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. குழந்தை இல்லை. "இந்த மாசமும் இல்லைங்க" என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். கொடியில் காயும் துணிகளைப் பார்த்து நானே தெரிந்துகொள்வேன்.

தாம்பரத்து டாக்டரம்மா, "முதல்ல உங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம் சார், சுலபமானது அதுதான்" என்றார். விந்துப் பரிசோதனை. அந்தக் கூடத்தில் அதற்கென்று தனி அறை கிடையாது. வீட்டிலேயே எடுத்து, அரை மணிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்றார்கள். ஏன் அரை மணி என்று நான் கேட்கவில்லை. ஆணையில் ஒரு விதி இருந்தால் அதற்குக் காரணம் கேட்கிற வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை!

ஏழு இருபத்தைந்துக்குப் புட்டியோடு கிளம்பினேன். சாலையில் தண்ணீர். பஸ் ஊர்ந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி போயிற்று, கேட் திறக்கவில்லை. இன்னொன்று வந்து அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் இருப்பது கெட்டுப்போய்விடுமே என்ற பதற்றம். பால் கெடாமல் இருக்க என்ன செய்வோம்? கேட்டோரம் ஒருவர் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் பையில் ஐஸைப் போட்டு, அதன் நடுவில் புட்டியைப் புதைத்தேன்.

படித்தவன் நான்! எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்...

பரிசோதனைக் கூடத்தில் எனக்கு முன்னால் இன்னொருவர் நின்றார். தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் நல்ல குரல்வளம் உள்ளவள்.

"எப்ப எடுத்தது சார்?... ஒரு மணி நேரமா? அது ஒதவாது சார். நாளைக்கு வேற எடுத்துனு வா. துட்டு தனியா வாணாம், பஸ்ஸுக்கு மட்டும் வெச்சிக்கோ."

பெஞ்சில் இருந்த இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார். அடுத்தது நான்.

"எப்ப எடுத்தது சார்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

புட்டியை வாங்கினாள். "இன்னா சார், இவ்ளோ ஜில்லுனு கீது?"

"மழைம்மா."

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. எண்ணிக்கை உண்டு, அசைவு பூஜ்யம். ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஐஸ் துண்டு என் நினைவுக்கு வந்ததா? வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? தாமதத்தை ஒரு விதிமீறலாக மட்டுமே பார்க்கத் தெரிந்த மூளை அது. என் உடல் என்னை ஏமாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள் செண்பகம். "என்னங்க சொன்னாங்க?"

"எல்லாம் நல்லா இருக்காம்."

நல்ல செய்திதானே? ஆனால் அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். "அப்ப... குறை எனக்குத்தான்" என்றாள், மெதுவாக. இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். சொல்லவில்லை! தாளை நான்காக மடித்து பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன்.

அந்த டாக்டரம்மா சரியில்லை என்று சொல்லி, குரோம்பேட்டையில் வேறொருவரிடம் அழைத்துப் போனேன். "ஹஸ்பெண்டுக்கு டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று கேட்டார்கள். "நார்மல் டாக்டர்" என்றேன். கூட்டம் அதிகம், காட்டுங்கள் என்று அவர் கேட்கவில்லை. அதன்பின் இரண்டரை ஆண்டுகள் அவள் உடம்புதான் பாடுபட்டது. மாத்திரை, இடுப்பில் ஊசி, கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அதை எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்: "வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குத்தான் ஒரு நாள் லீவு போச்சு."

எனக்கு ஆறுதல் சொன்னாள். எனக்கு!

1991 ஜூலையில் ஒரு மாலை, அலுவலகத்திலிருந்து திரும்பித் தெருமுனையில் வரும்போதே வீட்டுக்காரம்மா கன்னியம்மாவின் குரல் கேட்டது.

"சார்! இன்னா சார் இப்டி ஆடி அசைஞ்சு வர்றே! நீ அப்பாவாயிட்டே சார்! இனிப்பு எங்க? சர்க்கரையாச்சும் எடுத்தாந்து எங்க வாயில போடு!"

உள்ளே செண்பகம் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். சர்க்கரை டப்பாவை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். நான் சர்க்கரையைத் தரையில் சிந்தியதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பீரோவில் அந்தத் தாள் இருக்கிறதே! ஒன்றுகூட உயிரோடு இல்லையே!

அன்று முதல் நான் ஏமாற்றப்பட்டவன் ஆனேன். இதை உங்களுக்கு எப்படிப் புரியவைப்பேன்... துரோகத்துக்கு ஒரு ருசி உண்டு. சோற்றில், காபியில், அவள் கை பட்ட எல்லாவற்றிலும் அது இருந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துபோகும் ஆண்களை எண்ணினேன். பால்காரர், பேப்பர் போடுபவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கன்னியம்மாவின் மகன்... ஒன்பது பேர். ஒவ்வொருவரின் மூக்கையும் நெற்றியையும் மனப்பாடம் செய்தேன். பிறக்கப்போகும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே!

ஐந்தாம் மாதம் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இது யாரோடது?"

அவள் முதலில் சிரித்தாள். "ம்ம்... மீன்காரரோடது. கேக்கற கேள்வியப் பாரு!" என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவை கேளுங்க."

கேட்டேன்! அதே சொற்களில்.

"எதை வெச்சுக் கேக்கறீங்க?"

பதில் சொல்ல வேண்டுமானால் பீரோவைத் திறக்க வேண்டும். அதைத் திறந்தால், இரண்டரை ஆண்டுகளாக அவளுக்குப் போட்ட ஊசிகளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். நானே நீதிபதி, நானே சாட்சி. சாட்சியம் மட்டும் வேட்டிக்கு அடியில்!

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. இரண்டு கையையும் நீட்டி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. முடிந்ததும் அவளுடைய அண்ணன் படப்பைக்கு அழைத்துப் போனார். பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம்தானே. தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மார்ச்சில் அவரே நேரில் வந்தார். "பொண்ணு மாப்ள. தாயும் புள்ளையும் சௌக்கியம். எப்ப வர்றீங்க?"

"லீவு கிடைக்கல" என்றேன்.

நான் போகவில்லை. அவளும் வரவில்லை.

1995இல் எங்கள் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஒருவர், அவரும் பிள்ளைக்காக அலைந்துகொண்டிருந்தவர், சாப்பாட்டு வேளையில் அலுத்துக்கொண்டார்: "அங்கயே ரூம்ல போய் எடுக்கச் சொல்றான் சார். வெளியில நின்னு கதவை வேற தட்றான். லேட்டானாலோ, குளிர்ச்சி பட்டாலோ எல்லாம் செத்துடுமாம். ரிசல்ட்டு பூஜ்யம்னு வந்துடுமாம்."

பாதி மோர்ச்சோற்றோடு டப்பாவை மூடினேன்.

அடுத்த வாரம் நானும் அப்படி ஓர் அறைக்குள் போனேன். முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அசைவும்...

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு படப்பைக்கு ஓடினேன். செண்பகம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். வாசலில் மூன்று வயதுப் பெண் ஒருத்தி கத்தரித்த துணித் துண்டுகளை வரிசையாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறுக்குப் பிறகு எட்டு. எந்தக் குழந்தையும்தான் எண்ணும், கணக்கு எழுதுகிறவன் மகள்தான் எண்ண வேண்டும் என்றில்லை. ஆனாலும் நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு தாள்களையும் செண்பகத்திடம் நீட்டினேன். "லேப்ல தப்பு பண்ணிட்டாங்க செண்பகம். அந்தக் கவுன்ட்டர்ல இருந்தவ என்னமோ மாத்தி வெச்சுட்டா. என்னை மன்னிச்சுடு."

கேட்டீர்களா? அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை! ஜில்லென்று இருக்கிறதே என்று கேட்ட ஒரே ஆளின் மேல் பழியைப் போட்டேன்.

அவள் பழைய தாளின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்பத்தெட்டு... அப்ப எனக்கு ஊசி போட்டப்பல்லாம் இது எங்க இருந்துச்சு?"

"பீரோல."

தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். "லேப்ல இருந்தவ தெரியாம பண்ணிட்டா. சரி. நீங்க? அன்னிக்கு ஒரு பேப்பரை நம்பி என்னைக் கேட்டீங்க. இன்னிக்கு ஒரு பேப்பரை நம்பி வந்து நிக்கறீங்க. நடுவுல நான் ஒருத்தி இருந்தேனே, என்னை எப்பங்க நம்பினீங்க?"

குழந்தை எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா?" என்றது.

"அளவு குடுக்க வந்தவரு. கிளம்பிட்டாரு."

கிளம்பிவிட்டேன்.

அதன்பின் எத்தனையோ ஆண்டுகள். நானும் செண்பகமும் சட்டப்படி பிரியவில்லை, சேரவுமில்லை. மகளின் பள்ளிச் சான்றிதழில் தந்தை என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அவர்கள் வீட்டில் என் படம்கூட இல்லை. தவறு பரிசோதனைக் கூடத்துடையது என்றே செண்பகம் இன்னும் நம்புகிறாள். உண்மை தெரிந்தால் என்ன செய்வாள்? வெறுப்பதற்கு இனி மிச்சம் என்ன இருக்கிறது? அப்படியிருந்தும் சொல்ல முடியவில்லை... ஏமாற்றப்பட்டவனாக வாழ்ந்து பழகியவனுக்கு, ஏமாற்றியவன் என்ற பெயரோடு அவள் முன்னால் நிற்கத் தைரியம் இல்லை.

முதுமையில் தூக்கம் வருவதில்லை. கணக்குதான் வருகிறது. அன்று அந்தத் தடுப்பின் முன்னால், "தாமதமாகிவிட்டது அம்மா, ஐஸில் வேறு வைத்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெஞ்சில் இரண்டு பேர் சிரித்திருப்பார்கள். நாளைக்கு வேற எடுத்துனு வா சார், துட்டு தனியா வாணாம் என்று அவள் சொல்லியிருப்பாள். மறுநாள் இன்னொரு முறை போய் வந்திருப்பேன்.

முடிச்சூரிலிருந்து போக அறுபது காசு, வர அறுபது காசு. ஒரு ரூபாய் இருபது காசு.