தேவராஜ் மாஸ்டரும் என் நூல்கட்டைகளும்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. நின்று எழுத்துக் கூட்டினேன். தே, வ, ரா, ஜ். சுவரில் இருப்பதை யாரையும் கேட்காமல் முழுவதும் நானே படித்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம், "தேவராஜ் மாஸ்டர் செத்துட்டாரு!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"இன்னாய்யா, பல்லக் காட்டிக்கினு சொல்ற?" என்றாள்.

படிக்க வந்துவிட்டதே என்ற சந்தோஷம் என்றேன். பாதி உண்மை.

இறந்தவரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும் என்று முதியோர் வகுப்பு வாத்தியார் சொன்னார். எழுதுகிறேன். அதற்கு மேல் மரியாதை எதிர்பார்க்காதீர்கள். ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் அவரிடம் சட்டை தைத்துக்கொண்ட நீங்கள் அவரை நல்லவர் என்பீர்கள். அடுத்த மிஷினில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான்.

எனக்கு அப்போது எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அளவு நாடாவைப் பார்த்தால் எறும்பு வரிசையாகத் தெரியும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். நூல் தீர்ந்த மரக்கட்டைகளை எறியாமல் எடுத்து வைப்பேன். புதுத் துணிக் கட்டுகளைக் கட்டி வந்த நூலையும் சேர்த்து வைப்பேன். ஆள் வந்தால் அந்த நூலைத் தோளில் வைத்துப் பிடித்து, கை முடியும் இடத்தில் ஒரு முடிச்சு. மார்புக்கு இன்னொன்று. நீளத்துக்கு இன்னொன்று. பிறகு நூலைக் கட்டையில் சுற்றி, அது யாருடையது என்று தெரிய விளிம்பில் கத்தியால் வெட்டுப் போடுவேன்.

மாஸ்டரிடம் நோட்டு இருந்தது. காதில் பென்சில். நாடாவைப் பிடித்து வாய்க்குள் முனகிக்கொண்டே எழுதுவார். என்னைப் பார்த்து, "யோவ் நூல்கண்டு, சட்டை தைக்கிறியா, காத்தாடி வுடப் போறியா?" என்பார். கடையே சிரிக்கும். "நோட்டு இல்லாத டெய்லரு, கண்ணு இல்லாத டிரைவரு" என்பது அவர் தினமும் சொன்ன வாக்கு. ஒரு நாள் என் காலிக் கட்டைகளை வாரிச் சாக்கடையில் எறிந்தார். இறங்கிப் பொறுக்கிக் கழுவினேன். அதற்கும் சிரித்தார். காலர் மட்டும் நன்றாகத் தைப்பார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்பேட்டை வந்த புதிதில் ஓர் இரும்புக் கம்பெனி அறுபது பேருக்குக் காக்கிச் சட்டை கேட்டது. எல்லோருக்கும் இருவருமே அளவெடுத்தோம், அவர் நோட்டில், நான் நூலில். ஆளுக்கு முப்பது தைப்பதாகப் பேச்சு. வெட்டத் தொடங்கும் முன் மழையில் கூரை ஒழுகி என் பெட்டி நனைந்தது. கட்டைகளை வெயிலில் காயவைத்து எடுத்துத் தைத்தேன். பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். நனைத்துக் காயவைக்காமல் வெட்ட விடமாட்டேன். அளவு நூலும் பருத்திதான் என்பது அன்று உறைக்கவில்லை. நான் தைத்த முப்பதிலும் கை ஒரு விரல்கடை ஏறி நின்றது. மார்பில் பொத்தான் பூட்ட முடியவில்லை.

அவர் தைத்த முப்பதும் அதே ஒரு விரல்கடை குட்டை.

"இன்னா மாஸ்டர், உங்களுதுமா?" என்றார் கடை முதலாளி.

"என் நோட்டு பொய் சொல்லாது மொதலாளி. துணிய நனைக்கிறது இவன் வேலை. நனைக்காம குடுத்துக்கீறான். இஸ்திரிக்குத் தண்ணி தெளிச்சதும் சுருங்கிடிச்சி."

"நனைச்சேன் மொதலாளி" என்றேன்.

"எழுதி வெச்சிக்கீறியா?" என்று கேட்டார் மாஸ்டர்.

அன்றோடு என் மிஷின் போயிற்று. அதே இரும்புக் கம்பெனி வாசலில் கம்பி தூக்கினேன். நோட்டு வைத்திருப்பவர் தப்புச் செய்வாரா, நான்தான் சரியாக நனைக்கவில்லையோ என்று வருஷக்கணக்கில் நானே நம்பினேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் நோட்டையும் ஒரு தகர டப்பாவையும் என் முன்னால் வைத்தாள். "ண்ணா, நீ இப்ப படிக்கிறியாமே. இதுல இன்னா எழுதிக்கீறாருன்னு சொல்லேன். என்னத் தொடவே வுட மாட்டாரு."

திறந்தேன். ஓர் எழுத்தும் புரியவில்லை. என் படிப்பு இவ்வளவுதான் போல என்று வெட்கப்பட்டு, இரண்டையும் வாத்தியாரிடம் எடுத்துப் போனேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது எழுத்தே இல்லீங்க ஏழுமலை. நம்பரும் இல்ல. சும்மா கிறுக்கல்." சுழியும் கொக்கியுமாகப் பாதி நோட்டு.

டப்பாவைத் திறந்தேன். மரக்கட்டைகள். நூல். முடிச்சுகள். விளிம்பில் நான் போடும் வெட்டுகள். கம்பெனி வாட்ச்மேன் கட்டையில் எனக்குக் கத்தி நழுவிக் கோணலாக விழுந்த வெட்டு ஒன்று உண்டு. இவை என் கட்டைகள் இல்லை, ஆனால் அந்தக் கோணலையும் பார்த்து அப்படியே வெட்டியிருந்தார். தினமும் எனக்கு முன்னால் கடை திறந்தாரே, அது இதற்குத்தான். சுருங்கிப்போன என் நூலோடு சேர்த்துப் பிடித்து அவரும் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

திரும்பிப் போய் இரண்டையும் அவள் முன்னால் வைத்துச் சொன்னேன். "உன் ஊட்டுக்காரருக்கும் எழுதத் தெரியாதும்மா."

"முப்பது வருசமா என்னக் கைநாட்டு, கைநாட்டுன்னு திட்டினாரேண்ணா" என்றாள். பிறகு, "நீயே எடுத்துக்கினு போ" என்று நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்த நோட்டுதான். மீதி இருந்த வெள்ளைத் தாளில்தான் இதை எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முதல் வெள்ளைப் பக்கத்தில் தேவராஜ் என்று பெரிதாக எழுதினேன். அந்த நோட்டில் அவர் ஒரு தடவைகூட எழுதாத பேர். அதன் கீழே இன்னொரு வரி.

துணியை நான் நனைத்தேன், மாஸ்டர். எழுதி வைத்துவிட்டேன்.