பழைய தட்டு நேராகப் போனது

"எதப் பாத்த?" என்று கேட்டாள் விர்ப்பி.

"தட்டத்தான்" என்றாள் தில்தா.

"எப்படிப் போச்சு?"

"நேராப் போச்சு."

"நேராவா, ரொம்ப நேராவா?"

"ரொம்ப நேரா."

அதற்குள் அணியை நடத்தும் ரெய்யோ கால்பந்துத் திடலின் மறுகோடியிலிருந்து கையைத் தட்டிக்கொண்டே வந்துவிட்டான். "தோள்ல கத்தி வெச்சவ எறியிற எறியா இது? டாக்டர் உள்ள ஸ்பிரிங் ஏதாச்சும் வெச்சுத் தெச்சுட்டாரா?"

"உன் வாய்க்கும் ரெண்டு தையல் போடச் சொல்லியிருக்கணும் அவர்கிட்ட."

"சரி, சரி. அணியில உன் எடம் உனக்குத்தான். தில்தா, நீ என்ன சொல்ற?"

தில்தா தலையை ஆட்டினாள்.

"ரெண்டு மொழியில பள்ளிக்கூடம் போனவ, ரெண்டுலயும் பேசாம இருக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கா" என்றான் ரெய்யோ.

"அவள விடு. இந்தக் கரைக்கே பேச நீ ஒருத்தன் போதும்." விர்ப்பி தில்தாவின் பக்கம் திரும்பினாள். "நல்லா இருந்துச்சுல்ல?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் தில்தா. அப்போது அதை நம்பித்தான் சொன்னாள்.

ஏப்ரல் மாதம் அது. பின்லாந்தின் மேற்குக் கரையில் காஸ்கினென் என்ற அந்தச் சின்னத் துறைமுக ஊரில், திடலின் ஓரங்களில் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடந்தது.

விர்ப்பி அலத்தலோவுக்கு நாற்பத்தேழு வயது. சுற்றுக் கிராமங்களுக்குத் தபால் வண்டி ஓட்டுபவள். அந்த நாட்டில் மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஸ்டீரிங் இடப்பக்கம்; இறங்காமலே சாலையோரப் பெட்டியில் கடிதம் போட வசதியாக அவள் வண்டிக்கு மட்டும் வலப்பக்கம். சன்னல் வழியாக வலக்கையை நீட்டி நீட்டியே அவளுக்கு எறிகிற கை வந்தது என்று ரெய்யோ ஊரெல்லாம் சொல்லுவான். வேலை முடிந்தால் நேரே டிஸ்க் கோல்ஃப் திடல்தான். மரங்களுக்கு நடுவே தட்டை எறிந்து, தொலைவில் சங்கிலி தொங்கும் கூடையில் குறைந்த வீச்சுகளில் விழவைக்கிற ஆட்டம். அவள் கணவன் அஹ்தி, ஓடாத துவைக்கும் இயந்திரத்தின் உருளையையும் மாட்டுச் சங்கிலியையும் வைத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு கூடையே செய்து கொடுத்திருந்தான். குளிர்காலத்தில் தட்டின் அடியில் ரிப்பன் ஒட்டி எறிவாள். தட்டு பனிக்குள் புதைந்தாலும் ரிப்பனின் வால் வெளியே தெரியும்.

முந்தைய ஆண்டு சனவரியில் யாரோ ஒருவர் வாசலில் பெட்டியை மூடியிருந்த பனியைத் தள்ள இறங்கியவள், வழுக்கி வலத்தோளின் மேல் விழுந்தாள். மிச்சமிருந்த கடிதங்களை இடக்கையாலேயே போட்டு முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனாள். அறுவை, கட்டு, ரப்பர் பட்டையை இழுக்கிற பயிற்சி என்று அந்த ஆண்டே போய்விட்டது. மாவட்ட லீக்கில் ஆடும் நால்வர் அணியில் ஓர் இடம் பெண்ணுக்கு. பல வருடங்களாக அது விர்ப்பியின் இடம். அந்த ஒரு வருடம் மட்டும் தில்தா ஆடினாள்.

தில்தா நீகோர் பல் மருத்துவரிடம் உதவியாளர். வீட்டில் சுவீடிஷ், மேல்படிப்பு பின்னிஷில். அவள் வாய்க்கு நேரெதிரே எப்போதும் திறந்த வாய்கள், அவையும் பேசாதவை. அணியில் ஆடுவது தனக்கு இத்தனை பிடிக்கும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. இடம் விர்ப்பியுடையது, தான் காவல் காக்கிறோம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். ஆனாலும் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள்.

விர்ப்பியின் பையில் மூன்று ஆரஞ்சுத் தட்டுகள் இருந்தன. ஒரே அச்சு, ஒரே எடை, வயதுதான் வேறு. வலக்கைக்காரர் எறிந்தால் புதுத்தட்டு கடைசியில் இடப்பக்கம் வளையும். சில வருடம் மரங்களில் மோதி விளிம்பு தேய்ந்தபின் அதே தட்டு நேராகப் போகும். இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் சாயும். பிடியை மாற்றாமலே மூன்று பாதைகள் கிடைக்கும் என்பதால் பழைய தட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. கை வேகம் குறைந்தால் எல்லாத் தட்டும் இன்னும் இடப்பக்கம் இழுத்து இந்தக் கணக்கு மாறும் என்பதும் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், ஒருவர் தோள் குணமாகித் திரும்பி வருகிறபோது அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

மே மாதம் ஒரு மாலை கால்பந்துத் திடலில் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த தில்தா, நடக்கச் சோம்பல்பட்டு ஒன்றை விர்ப்பியின் பையிருந்த பக்கம் எறிந்தாள். அது பாதி வழியில் வலப்பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே போய் வாய்க்காலில் விழுந்தது. எடுத்துச் சட்டைக் கையில் துடைத்தாள். விளிம்பு ரம்பம் மாதிரி இருந்தது. மூன்றிலும் மூத்த தட்டு. விர்ப்பி ஏப்ரலிலிருந்து எறிந்துகொண்டிருந்ததெல்லாம் அதைத்தான். தன் கையில் வலப்பக்கம் ஓடுகிற தட்டு விர்ப்பியின் கையில் நேராகப் போகிறதென்றால், கை திரும்பவில்லை. தட்டு அந்தக் கைக்கு ஏற்ற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் இடம் தனக்கே வரும். அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை. தட்டைப் பையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஜூனில், நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய வாரம், மூவரும் ஊர் டிஸ்க் கோல்ஃப் திடலின் ஒன்பதாம் கூடைக்கு வந்தார்கள். பாறை மேல் எறிமேடை, எதிரே குடாவின் நீர், அதைத் தாண்டி மணல்திட்டில் கூடை. லீக்கின் முதல் ஆட்டம் இங்கேதான். அன்று கடல்காற்று முகத்தில் அடித்தது.

விர்ப்பி பழையதை எறிந்தாள். அது கொஞ்சம் எழும்பியது, காற்றுக்கு வயிற்றைக் காட்டியது, வலப்பக்கம் கவிழ்ந்து நீரில் விழுந்தது.

"காத்து!" என்றான் ரெய்யோ. "பாழாப்போன காத்து!"

அவள் புதியதை எடுத்தாள். பாதித் தூரம்கூடப் போகாமல் இடப்பக்கம் நாணலுக்குள் இறங்கியது. நடுத்தட்டை அவள் எடுக்கவே இல்லை.

"நான் சொல்றேன், காத்துதான். என் மாமியாரே இந்தக் காத்துல பறந்துடுவா. எவ்ளோ பெரிய ஆளு தெரியுமா?"

விர்ப்பி சிரிக்கவில்லை. ரெய்யோ முழங்கால் வரை நீரில் இறங்கி, கயிறு கட்டிய இரும்பு முள்வாரியைப் போட்டு இழுத்துத் தட்டுகளை எடுத்து வந்தான். அவள் வாங்கித் துடைத்து, பிளாஸ்க்கிலிருந்து மூவருக்கும் காபி ஊற்றினாள். தன் கோப்பையை அப்படியே புல்லில் கொட்டினாள்.

மறுநாள் தில்தாவின் செல்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: 'கால்பந்துத் திடலுக்கு வா. ரெய்யோவுக்குச் சொல்லாதே.'

காற்றில்லாத மாலை. விர்ப்பி மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி எறிந்தாள். புதியது சீக்கிரமே இடப்பக்கம் இறங்கியது. நடுத்தட்டு கடைசியில் இடப்பக்கம் வளைந்தது. பழையது நேராகப் போனது. தில்தா ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

"இப்ப நீ எறி."

"எதுக்கு?"

"எறி, சொல்றேன்."

தில்தா எறிந்தாள். புதியது கடைசியில் மட்டும் இடப்பக்கம் வளைந்தது. நடுத்தட்டு நேராகப் போனது. பழையது வலப்பக்கம் ஓடி, மே மாதம் விழுந்த அதே வாய்க்காலைத் தேடிப் போனது. அதைப் பொறுக்கி வர தில்தா அவசரப்படவில்லை.

"போன வருசம் விழறதுக்கு முன்னாடி எனக்கும் இப்படித்தான் போகும்" என்றாள் விர்ப்பி. "உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"மே மாசம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எடத்துக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்."

"சொல்லாததனால என்னாச்சு? நான் ஊர் முன்னாடி நின்னு தண்ணிக்குள்ள எறிஞ்சிருப்பேன்."

தில்தா வாய்க்காலுக்குப் போய்ப் பழைய தட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"பரவால்ல. எனக்கும் தெரியும்" என்றாள் விர்ப்பி. "விரலுக்குத் தெரியாதா அந்த விளிம்பு? கையில எடுக்குறப்பல்லாம் தெரியும். நேராப் போச்சா, அது போதும்னு விட்டுட்டேன். இந்த வருசம் நீ ஆடு. ரெய்யோகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

தில்தா ஆடினாள். ஒன்பதாம் கூடையில் முதல் தட்டைத் தண்ணீரில் விட்டாள், இரண்டாவதைத் தாண்டவைத்தாள். அணி கடைசிக்கு இரண்டு இடம் மேலே முடித்தது. ரெய்யோ அதையும் வெற்றி மாதிரியே பேசித் திரிந்தான். விர்ப்பி எல்லா ஆட்டங்களுக்கும் பிளாஸ்க்கும் ஏலக்காய் ரொட்டியுமாக வந்தாள்.

பழைய தட்டை அவள் பையிலிருந்து எடுத்துவிட்டாள். கொட்டகையில் மீன் வலையைத் தொங்கவிட்டு நின்ற இடத்திலிருந்தே எறிந்து பழகினாள். சில நாள் தட்டுக்குப் பதில் அஹ்தியின் சுத்தியலைக் கையில் பிடித்துச் சுழற்றினாள். அதன் தலை கனத்தில் கை எப்போது சுழல வேண்டும் என்று தெரியுமாம். செல்பேசியை ரப்பர் பூட்ஸுக்குள் நிறுத்திப் படம் பிடித்துப் பார்த்தாள். வலிக்குமோ என்ற பயத்தில் இடுப்பு திரும்புவதற்கு முன்பே தோள் திறந்துகொள்கிறது, அதனால் தட்டைக் கை மட்டும்தான் இழுக்கிறது என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தது வேறு, திருத்துவது வேறு.

ஆகஸ்ட் இறுதியில் ஒரு நாள் திடலில் இருவரும் எறிந்துகொண்டிருந்தார்கள். விர்ப்பியின் புதுத்தட்டு வழக்கம்போல இடப்பக்கம் இறங்கியது. தில்தாவின் கண்ணும் கூடவே இறங்கியது. விர்ப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருசம் அந்த எடத்துக்கு உன்கூட மோதப்போறேன். தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப உன்னக் கேக்குறது நியாயமில்லதான். ஆனா ரெய்யோவக் கேட்டா எல்லாம் பிரமாதம்பான்." பையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து விளிம்பில் விரலை வைத்தாள். "நான் எறியும்போது தட்டப் பாக்காத. என் இடுப்பப் பாரு. தப்பாத் திரும்புச்சுன்னா உடனே சொல்லு. எந்த மொழில வேணா சொல்லு, ஆனா வாயத் தொறந்து சொல்லு."