மெர்வின் காற்றழுத்தமானி

என் தம்பி மெர்வ் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் ரயிலை ஓட்டி ஓய்வு பெற்றவன். புயல் என்றால் அவனுக்குக் கல்யாணச் சாப்பாடு. கார்ட்வெல் கடற்கரையில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு காற்றழுத்தமானி தொங்குகிறது. புயல் நெருங்க நெருங்க அதன் முள் இறங்கும். இவன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து ஃபேஸ்புக்கில் எழுதுவான். பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள்.

இந்தப் புயல் நேராக எங்களிடம்தான் வரும் என்று குதித்தான்.

"கூரை பறக்கப் போகுது, உனக்குச் சிரிப்பா இருக்காடா?"

"முள் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு இறங்குறத ஒரு தடவ பாத்துட்டா போதும்க்கா."

தெற்கே போவன் நகரில் இருக்கும் அவன் மகள் ஷெல்லி, கைக்குழந்தையோடு ஊரைவிட்டுக் கிளம்பப் பார்த்தாள். "அங்க ஒண்ணும் வராதும்மா, பேசாம வீட்லயே இரு" என்று போனில் தடுத்தவன் இவன்தான்.

இன்று காலை புயல் தெற்கே திரும்பிவிட்டது. போவனைச் சுற்றி வெள்ளம், சாலைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். ஷெல்லி கூப்பிட்டாள். "அப்பா, இப்ப நான் எங்க போகட்டும்?"

மெர்வ் போனை என் கையில் திணித்துவிட்டு, காற்றழுத்தமானியைப் படபடவென்று தட்டினான். "இறங்கு, இறங்கேன். இங்க வந்து தொலையேன்!"

கூரை போனால் போகட்டும் என்று நானும் தட்டினேன்.

முள் ஏறிக்கொண்டே இருந்தது.