யாரும் தொடாத திருகு

துப்பாக்கிகள் இரண்டு. இரண்டும் இரட்டைக் குழல். அடுத்தடுத்த வரிசை எண்கள். ஒவ்வொன்றுக்கும் தயாரித்த நிறுவனம் கையெழுத்திட்டுத் தந்த உத்தரவாத அட்டை உண்டு. வாங்கியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் எந்தப் பழுதையும் கட்டணமின்றிச் சரிசெய்து தருவதாகவும், சுடும் பொறியை மூடியிருக்கும் பக்கத் தகட்டின் திருகை நிறுவனத்தாரல்லாத வேறு கை திருப்பினால் அந்த உறுதி செல்லாது என்றும் அட்டை கூறுகிறது. வாங்கியவர் காட்டுப்பன்றிகளிடம் விளைச்சலை இழந்துகொண்டிருந்த ஒரு விவசாயி. இப்போது அவை அவருடைய பேரனிடம் உள்ளன. பேரனுக்குக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில்.

துப்பாக்கிகளுள் ஒன்றின் இடக்குழல் ஒருநாள் சுட மறுத்தது. விசையை இழுத்தால் உள்ளே சத்தமே இல்லை. கடிகாரக்காரருக்கு விரல்கள் நமநமத்தன. மணல் பருமனுள்ள திருகுகளோடு பிழைப்பு நடத்துகிறவர் அவர். ஆயினும் கை வைக்கவில்லை. துப்பாக்கி ஆண்டுக்கணக்கில் இரும்பு அலமாரிக்குள் ஊமையாய்க் கிடந்தது.

"ஊரார் கடிகாரத்தையெல்லாம் குடலை உருவிப் பாக்கறீங்க. வீட்டுல இருக்கற ஒரு ஸ்க்ரூவைத் தொடப் பயமா?" என்று மனைவி சீண்டுவார்.

"தொட்டா அட்டை செல்லாது."

"எழுதிக் கொடுத்தவங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சு. அந்த அட்டைய வச்சு விசிறிக்கலாம்."

உரிமம் புதுப்பிக்கும் அதிகாரி ஓர் ஆண்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இரு குழலும் சுடாவிட்டால் அடுத்த முறை உரிமம் இல்லை, உருக்குவதற்கு ஒப்படைக்க வேண்டும். அன்று மாலை கடிகாரக்காரர் திருப்புளியை எடுத்துத் திருகின் பள்ளத்தில் பொருத்தினார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மூச்சு நேரம் அப்படியே பிடித்திருந்து, எடுத்துவிட்டார். மறுவாரம் துப்பாக்கியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மனைவியோடு ரயிலேறினார்.

தொழிற்சாலை அதே பெயரில் இருந்தது. ஆனால் உள்ளே தண்ணீர்க் குழாய்களுக்கான வால்வுகள் தயாராகிக்கொண்டிருந்தன. பழைய துப்பாக்கிகளுக்கென ஒரு மூலையில் இரண்டே மேசைகள். அதன் மேற்பார்வையாளரான அம்மாள் அட்டையை இருமுறை படித்தார்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி கொடுத்ததுங்க இது."

"ஆமாம்மா. ஆனா கம்பெனி பேரு இதுதானே?" என்றார் கடிகாரக்காரர்.

அம்மாள் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் திருகின்மேல் வைத்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார்.

"பாருங்க, ஓரம் கொஞ்சம்கூட மழுங்கலை. ஒருத்தரும் திருப்பலை." கடிகாரக்காரரிடம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வாட்ச் ரிப்பேர்."

"வாட்ச் ரிப்பேரா? எப்படிங்க கை சும்மா இருந்துச்சு?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் மனைவி.

திருகு சுழன்றது. தகட்டைக் கழற்றி விளக்கடியில் திருப்பி வைத்தார்கள். தகட்டின் உட்புறம் அசையாத தண்ணீர்போல் பளபளத்தது. அதில் கடிகாரக்காரரின் முகம் தெரிந்தது. விளிம்பைச் சுற்றி மயிரிழைக் கோடுகளில் கொடி ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. மூடிய பின் எவர் கண்ணிலும் படாத இடம் அது. யார் பார்ப்பதற்காக அந்தக் கை அத்தனை பாடுபட்டது? தொழிலில் எத்தனையோ மூடிகளைத் திறந்தவர், இப்படியொன்றைக் கண்டதில்லை. சீண்டிக்கொண்டே வந்த மனைவியும் நீட்டிய விரலைத் தாமே மடக்கிக்கொண்டார்.

ஒடிந்திருந்தது ஒரு ஸ்பிரிங். புதியதை அரத்தால் தேய்த்து, பதமேற்றிப் பொருத்த இரண்டு நாளாயிற்று. சோதனையில் இரு குழலும் சுட்டன. கடிகாரக்காரர் பணப்பையை எடுத்தபோது அம்மாள் அட்டையைச் சுட்டிக்காட்டினார்.

"கட்டணமில்லைன்னு எழுதியிருக்கே."

வீடு திரும்பியதும் மனைவி மற்றத் துப்பாக்கியை மடியில் கிடத்தி, அதன் திருகை உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ளயும் அந்தக் கொடி இருக்குமா?"

"இருக்கும்."

"திறந்து பாக்காமலே சொல்றீங்க."

"திறக்க வேண்டியதில்ல."

மனைவி அதைத் துணியால் துடைத்து, அட்டையோடு சேர்த்து அலமாரியில் வைத்தார்.

உத்தரவாதம் எழுதப்பட்ட நாளிலிருந்து அது நிறைவேற்றப்பட்ட நாள்வரை: எண்பத்து மூன்று ஆண்டுகள்.